சின்னம்மாவுக்குப் பொருந்திய சொல்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஸ்லகிஷ் என்ற ஆங்கிலச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. டியூஷன் மாஸ்டர் அதற்கு மந்தம் என்று பொருள் எழுதிவிட்டு, ஆமையை அப்படிச் சொல்லக்கூடாது என்றார். ஆமை பிறந்ததே அப்படித்தான். வேகமாகப் போகக்கூடிய ஒன்று ஏதோ காரணத்தால் இழுபட்டுப் போனால்தான் அந்தச் சொல் பொருந்துமாம். பெற்றோலில் தண்ணீர் கலந்த வள்ளத்து எஞ்சினை உதாரணம் காட்டி, அடுத்த வகுப்புக்கு ஆளுக்கொரு சொந்த உதாரணம் கொண்டுவரச் சொன்னார்.

நான் திருகோணமலை முழுவதையும் சோதித்துப் பார்த்தேன். துறைமுகத்துக்குள் நுழையும் கோதுமைக் கப்பல் எப்போதுமே அப்படித்தான் வரும், சரிவராது. வீதியை மறித்து நிற்கும் மான்களுக்கோ எங்கேயும் போகவேண்டிய அவசரமே இல்லை. நான் சலித்துப்போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னம்மாவைப் பெண் பார்க்க வந்தார்கள். சின்னம்மா அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். கடைசியாகப் புறப்பட்டாலும் ஸ்கூட்டரில் எல்லோருக்கும் முந்திக் கோயிலில் போய் நிற்பவர். அன்றைக்கோ தலை சீவவே ஒரு யுகம் எடுத்தார். குசினியிலிருந்து தட்டோடு அவர் வந்துசேர்வதற்குள் தேத்தண்ணியில் ஆடை படர்ந்துவிட்டது.

எனக்குப் புல்லரித்தது. தேடிய உதாரணம் சேலை கட்டிக்கொண்டு நடந்து வந்தது.

"சின்னம்மா இண்டைக்கு ஸ்லகிஷ்," என்று சபையில் அறிவித்தேன்.

பெரியவர்கள் அதை ஏதோ பாராட்டென்று எண்ணிச் சிரித்தார்கள். நான் இங்கிலிஷில் வலு கெட்டி என்று அப்பா பெருமைப்பட்டார். மட்டக்களப்பிலிருந்து வந்த மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கேட்டார். மாஸ்டர் சொன்னதை ஒப்புவித்தேன். சின்னம்மா மந்தமான ஆளில்லை, பறக்கக்கூடியவர், இன்றைக்கு மட்டும் ஏதோ இழுக்கிறது என்றேன். அவர் சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா தலை நிமிரவில்லை. அவர் ஆடை படர்ந்த தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

மறுநாள் அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிறாராம். அம்மா என் காதைத் திருகினார். நுணல் தன் வாயால் தான்தான் கெடும், இது சின்னம்மாவையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது என்றார். சின்னம்மாவின் வாழ்க்கையே என்னால் பாழாகிவிட்டதென்று நானும் நம்பி அழுதேன்.

பின்னேரம் சின்னம்மா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக் கடற்கரைக்குப் பறந்தார். ஐஸ்கிரீம் வாங்கித் தந்துவிட்டு, அந்தச் சொல்லின் அர்த்தத்தை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். எஞ்சின், பெற்றோல், தண்ணீர் எல்லாம் விளக்கினேன்.

"அவருக்கு இது விளங்கினதோ?"

"ஓம். அவருக்கு மட்டுந்தான் விளங்கினது."

சின்னம்மா கடல் பக்கம் திரும்பினார். "நல்ல மனிசன்," என்றார்.

நல்ல மனிசனென்றால் பேசாமல் அவரையே கட்டியிருக்கலாமே என்றேன். சின்னம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.