கடைசி நாள் வெயில்

எழுபதுகளில் ஒரு பங்குனிச் சாயங்காலம், திருப்பதி போகும் எங்கள் சுற்றுலா பஸ் நாகலாபுரத்தில் சோடாவுக்காக நின்றது. சோடாக்காரர் ஒல்லி, தலையில் சிவப்புத் துண்டு. ஒவ்வொரு பாட்டிலையும் திறக்கும் முன் நெற்றியில் கைவைத்துச் சூரியனைப் பார்த்துக்கொண்டார்.

"இந்த ஊர்ல பாக்க இன்னா கீது?" என்று டிரைவர் சிரித்தார்.

சோடாக்காரர் அவருடைய பாட்டிலை மட்டும் திறக்காமல் வைத்துவிட்டார்.

"வருசத்துல மூணு நாளு சாயங்கால வெயிலு எங்க கோயில் பெருமாள் மேல விழும். முந்தாநேத்து பாதம், நேத்து மாரு, இன்னிக்கு நெத்தி. திருப்பதி மலை நாளைக்கும் இருக்கும், டிரைவரே. இந்த வெயிலு இருக்காது. வா!"

பஸ்ஸே இறங்கி அவர் பின்னால் போனது. கோயிலுக்குள் நுழைந்ததும் மேகம் மூடிக்கொண்டது. டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். சோடாக்காரர் அசையவில்லை. சட்டென்று கோபுர வாசல் வழியாக வெயில் ஓடிவந்து பெருமாள் நெற்றியில் நின்றது. "கோவிந்தா!" என்று முதலில் அலறியவர் டிரைவர்தான்.

சோடாக்காரர் பெருமாளைப் பார்க்கவேயில்லை. சூரியனைத் தானே கைப்பிடித்து அழைத்து வந்தவர் போல, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அந்த ஒரு பாட்டிலை எடுத்தார். அழுத்தியதும் கோலி, வேட்டு மாதிரி வெடித்தது.

"இப்ப குடி!"