தொலைபேசியில் போட்டு வாறன்

‘தொலைத்தொடர்புத் துறையில் அரிய வேலைவாய்ப்பு’ என்றது பத்திரிகை விளம்பரம். எண்பதுகளின் நடுப்பகுதி. போய்ப் பார்த்தால், துறை என்பது அரியாலையில் ஒரு கடை. முன்மேசையில் ஒரு தொலைபேசி, பின்னறையில் அதன் உள்ளிணைப்பு ஒன்று, வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள் கொழும்புக்கும் ஜெர்மனிக்கும் கதைக்க ஒரு பலகைக் கூண்டு. அழைப்பைப் பதிந்து, லைன் கிடைத்ததும் ஆளைக் கூண்டுக்குள் அனுப்ப ஒருவர் தேவை.

அந்த ஒருவர் நானாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் உடுப்பிட்டியில் மாமி நடத்தும் தையல் வகுப்பு என்று அம்மா முடிவு செய்திருந்தார். மாமி தைத்த சட்டைகளை நான் போட்டிருக்கிறேன். அதற்குமேல் சொல்லமாட்டேன்.

முதலாளி என்னைச் சோதித்துப் பார்க்க முன்மேசையில் இருத்திவிட்டுப் பின்னறைக்குப் போனார். மணி அடித்தது. எடுத்தேன்.

“என்ரை ஜெர்மனிக் கோல் என்ன மாதிரி?” கோபக்கார வாடிக்கையாளரின் குரலில் முதலாளி.

“லைன் கேட்டிருக்கிறன், ஐயா. கிடைச்ச உடனை சொல்லுறன்.”

“காலமை தொடக்கம் இதைத்தானே சொல்லுறீர்.”

“காலமை நான் வேலைக்கே வரேல்லை, ஐயா.”

ஒரு செருமல் கேட்டது. “சரி பிள்ளை, இவ்வளவும் காணும்.”

போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல் விலகுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. “அப்ப போட்டு வாறன், ஐயா,” என்றேன்.

“ஓம், வாரும்.”

வரச் சொல்லிவிட்டாரே. ரிசீவரை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன்.

“ஏன் பிள்ளை எழும்பி வந்தனீர்?”

“நீங்கள்தானே வாரும் எண்டனீங்கள்.”

“நீர் போட்டு வாறன் எண்டீர். நான் வேறை என்னத்தைச் சொல்லுறது?”

இருவரும் அதை யோசித்தோம். அவர்தான் முதலில் மீண்டார். “கோல் முடிஞ்சால் ‘நன்றி, வணக்கம்’ எண்டு வைக்கவேணும். கொழும்பிலை அப்பிடித்தான்.”

“நன்றி வணக்கம் எண்டால் கூட்டம் முடிஞ்சுது எண்டு சனம் போயிடும், ஐயா. திரும்பி வராதுகள்.”

அவர் கூண்டைப் பார்த்தார். அதற்குள் ஒருவரும் இல்லை. “நாளைக்கு வாரும்,” என்றார்.

‘நாளைக்கு வாரும்’ என்று வேலை தருவதற்கும் சொல்வார்கள், தராமல் அனுப்புவதற்கும் சொல்வார்கள். எது என்று கேட்டால் பதில் வந்துவிடும் என்பதால் கேட்கவில்லை. மறுநாள் அவர் கதவைத் திறந்ததும் உள்ளே போய் முன்மேசைக் கதிரையில் இருந்துகொண்டேன். அவர் வாயெடுப்பதற்குள் மணி அடித்தது. எடுத்தேன், கதைத்தேன், வைத்தேன்.

முதலாளி மேசையடிக்கு வந்தார்.

“மத்தியானச் சாப்பாடு கொண்டு வந்தனீரோ, பிள்ளை?”

கொண்டு வந்திருந்தேன்.