செல்வி அக்கா துவைத்த சட்டைகள்

வீடு வீடாகப் போய் வலிக்கு மருந்து கொடுக்கும் நர்ஸ் வேலையில், யாரையும் குணப்படுத்திவிட்டேன் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள முடியாது. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டு தவிப்பவர்களே, இது நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

சட்டை

மட்டாஞ்சேரியில் செல்வி அக்கா வீட்டுக்கு முதலில் போனபோதே அவருக்கு மூச்சு வாங்கியது. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் புற்றுநோய். அங்கே கோத்த நீரை எடுத்தால் மறுபடி சுரந்தது. பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால், பல வருஷம் கழித்து வருவது. அக்காவோ வேலைக்கே போனதில்லை. அவர் கணவர் முத்தையா அண்ணன்தான் கிடங்குகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்துக் கூரை போட்டவர்.

அண்ணன் சாயா வாங்கப் போன நேரம் பார்த்து அக்காவிடம் விசாரித்தேன். "தினம் அவர் சட்டையை உதறித்தானே துவைப்பேன், மாவு மாதிரி கொட்டும். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர்."

ஊசி போட்ட இடம்

நீர் எடுக்க ஊசி குத்திய இடத்திலேயே ஒரு கட்டி முளைத்தது. இந்த நோய்க்கு அந்தக் கெட்ட குணம் உண்டு, ஊசி போன வழியிலேயே பரவும். உள்ளே விலாவையும் பிடித்திருந்தது. அக்காவால் அந்தப் பக்கம் படுக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அண்ணன் என் தலையில் கொட்டினார். "குத்திக் குத்தியே வரவழைச்சிட்டீங்களே, எந்தா சிஸ்டர் இது?"

வயிறு

பிறகு நோய் உதரவிதானத்தைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்கியது. அங்கேயும் நீர். கைகால் குச்சியாகிவிட்டன, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. அண்ணன் அதை வாயு என்று நம்பி, கஞ்சியில் இஞ்சி தட்டிப் போட்டு ஊட்டுவார். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காது. அக்கா சிரிக்கப் பார்த்து இருமினார். "சோறே இறங்கலை, பின்னே யாரு தின்னு இந்த வயித்தை நிரப்புறது?"

மறுபக்கம்

அடுத்த நுரையீரலின் உறையிலும், இதயத்தைச் சுற்றியுள்ள உறையிலும் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று மார்ஃபின் அளவைக் கூட்டினோம். அக்கா மயக்கத்தில் கிடந்தார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அண்ணன் அவர் தலையைக் கோதிக்கொண்டே சொன்னார்: "தூசியிலயும் வெயில்லயும் கிடந்தது நான். இவளை ஒரு வேலைக்கும் விடாம, வீட்டுக்குள்ளயே பத்திரமா வெச்சிருந்தேன் சிஸ்டர்."

வலியைக் குறைப்பதுதானே என் வேலை, அதனால் "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.