அவள் பாவம் அவளுக்கு

அந்த வெள்ளைப் பாவாடை இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஒரு ஆள் கையை விரித்தாலும் பிடிபடாத அகலம். அதற்கு மேல் போட இரண்டு சட்டைகள்: ஒன்றுக்குப் பஃப் கை, இன்னொன்றுக்கு முழுக்கை. "ஒட்டிப் பொறந்த புள்ளைங்களுக்கு ஒரே மாதிரி தச்சாதாம்மா அழகு" என்றார் மரக்காணம் டெய்லர். "போட்டுக்கப் போறது நீங்களா?" என்று கேட்டாள் அம்மா. என் அக்காக்கள் இருவரும் இடுப்பில் ஒட்டிப் பிறந்தவர்கள். பிரிக்க முடியாது என்று சென்னை டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். தலை இரண்டு, மனசு இரண்டு, பிடிவாதம் மட்டும் நாலு பேருக்குக் காணும். பெரியக்காவுக்குக் கருவாடு என்றால் உயிர்; சின்னக்காவுக்கு அந்த வாடையே ஆகாது. பெரியக்காவுக்குக் கணக்கு தண்ணி பட்ட பாடு. சின்னக்காவுக்குச் சினிமாப் பாட்டு.

இது ஊருக்குப் புரிந்தால்தானே! சுனாமிக்குப் பிறகு நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஸ்கூல் பை கொடுத்தார்கள். அக்காக்களுக்கு மட்டும் சேர்த்து ஒன்று. உப்பளத்திலிருந்து அப்படியே ஓடிவந்த அப்பா, கால் உப்பைக்கூடக் கழுவாமல் நின்று சண்டை போட்டு இன்னொன்று வாங்கினார். இப்போது அவர்களுக்கு முப்பது தாண்டிவிட்டது. பெரியக்கா டியூஷன் எடுக்கும்போது பக்கத்தில் சின்னக்கா இயர்போன் மாட்டிக்கொண்டு சீரியல் பார்ப்பாள். பார்க்க வருகிறவர்கள் இன்றைக்கும் என்னிடம்தான் குசுகுசுப்பார்கள், ஒருத்திக்கு வலித்தால் இன்னொருத்திக்கும் வலிக்குமா என்று. வாய் இருக்கிறதே, அவர்களையே கேளுங்களேன் என்பேன். எனக்கு அப்படி எரிச்சலாக வரும்.

சுனாமிக்கு அடுத்த வருடம் அவர்களுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு; அந்த வெள்ளைப் பாவாடை அதற்குத் தைத்ததுதான். ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் தள்ளிப்போய், பன்னிரண்டு வயதில்தான் அது கூடிவந்தது. அதற்கு முன்னால் செய்த பாவங்களை மாதா கோயில் சாமியாரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் நல்ல மனிதர்தான். ஆனாலும் கோயிலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "நீங்க ரெண்டு பேரும் சேந்தே சொல்லிடுங்கம்மா. உங்களுக்குள்ள இன்னா ரகசியம்?" என்றுவிட்டார்.

சின்னக்காவுக்கு வந்ததே கோபம்! "அவ செஞ்சத நான் எதுக்குச் சொல்லணும்? நான் செஞ்சது அவளுக்கு எதுக்குத் தெரியணும்? எனக்குன்னு சொல்றதுக்கு ஒண்ணு இருக்குது. தனியா வுட்டா சொல்றேன். இல்லாட்டி எனக்குப் புதுநன்மையே வேணாம்."

"எனக்கு வேணும்" என்றாள் பெரியக்கா. "இவள இழுத்துக்கினாவது போவேன்."

அம்மா அழுதாள். எத்தனை வருடமாக அந்த நாளுக்குக் காத்திருந்தவள். உபதேசியார் தலையில் கைவைத்துக்கொண்டு பங்குச் சாமியாரை அழைத்து வந்தார். அவரைக் கண்டதும் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரு வச்சி, ரெண்டு தலையில தண்ணி ஊத்தித்தான சாமி ஞானஸ்நானம் குடுத்தீங்க? இப்ப மட்டும் எப்பிடி ஒண்ணாவாங்க?" என்று கேட்டாள்.  சாமியார் சின்னக்காவிடமே, "நீ சொல்லும்மா, எப்படிப் பண்ணலாம்?" என்றார். அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். "அவ காதப் பொத்திக்கினு வாய்ப்பாடு சொல்லட்டும் சாமி. சத்தமா."

பாவம் சொல்வதற்கான மரக்கூண்டு, அந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இருவருக்கும் இடம் போதாது. அதனால் சாமியார் பீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெரியக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடி, கோயில் அதிர ஆறாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தாள். ஆறு முடிந்து ஏழு, ஏழு முடிந்து எட்டு. சின்னக்கா சொல்லி முடித்தபாடில்லை. பெரியக்கா மூச்சு வாங்கிய இடைவெளியில், முன் பெஞ்சில் இருந்த எனக்கே இரண்டு வார்த்தை காதில் விழுந்தது. அது என்னவென்று இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. அடுத்தது பெரியக்காவின் முறை. வாய்ப்பாடு வராத சின்னக்கா சினிமாப் பாட்டை எடுத்துவிட்டாள். உபதேசியாருக்கு முகம் சிவந்துவிட்டது, சாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அபராதமாகச் சின்னக்காவுக்குக் கொடுத்த செபத்தை அவள் முட்டி போட்டுச் சொன்னபோது பெரியக்காவும் கூடவே முட்டி போட வேண்டியிருந்தது. போட்டாள். ஆனால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாவத்துக்கு இவள் ஒரு வார்த்தைகூடச் செபிக்கவில்லை.

வெளியே பக்கத்து வீட்டு அத்தை காத்துக்கொண்டிருந்தாள். ஊர்க்கதை கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பெரியக்காவின் தாடையைப் பிடித்துக் கொஞ்சிக்கொண்டே, "ஏண்டி கண்ணு, அவ அவ்ளோ நேரம் அப்பிடி இன்னாதான் சொன்னா? நீ பக்கத்துலதான இருந்த?" என்றாள்.

சின்னக்கா பெரியக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பெரியக்கா அத்தையின் கையைத் தாடையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"எனக்கு எப்பிடி அத்த தெரியும்? நான் அங்க இல்லியே."