வேலணையில் ஒரு லொட்ஜ்

2007ஆம் ஆண்டு மாசி மாதம். காலை 7.10க்கு யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் வேலணை பஸ்ஸில் ஏறினேன். கட்டணம் இருபத்திரண்டு ரூபா. பதினைந்து கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரம்தான், ஆனால் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம் பிடித்தது. பண்ணைச் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடந்து, மறுபடி ஏறினோம். பிறகு அல்லைப்பிட்டி வந்தது. முந்திய வருடம் அங்கே வீட்டில் இருந்த சனம் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தது. நான் வெளியே பார்க்காமல் முன் சீற்றின் கம்பியையே பார்த்துக்கொண்டு போனேன். வீரம் என்ற சாமான் என்னிடம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வந்த காரியம் பிறப்புப் பத்திரத்தின் பிரதி எடுப்பது. கனடாவிலிருந்து மகள் கூப்பிடுகிறாள். வேலணையில் எங்கள் வீடு இருந்த காணி கடற்படை முகாமின் முட்கம்பிக்கு உள்ளே போய்விட்டது. பதினொரு வருடமாக நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில், ஒரு லொட்ஜின் மேல்மாடி அறையில் இருக்கிறேன். பொலிஸ் பதிவுப் படிவத்திலிருந்து லோண்டரிச் சீட்டு வரைக்கும் விலாசம் என்று எங்கே கேட்டாலும் 'லொட்ஜ்' என்று எழுதிவிடுவேன். மகளுக்கு எழுதும் கடிதத்திலும் அப்படித்தான். 'மழை விட்டதும் லொட்ஜுக்குத் திரும்பினேன்' என்று எழுதுவேன். விடுதி என்ற சொல் தெரியாதவன் அல்ல. கை அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

9.20க்குப் பதிவாளர் கந்தோர் வாசலில் நின்றேன். பின்னேரம் வரை இருக்க வைத்துவிட்டு, "பழைய புத்தகம் தேடவேணும் ஐயா, இண்டைக்கு ஏலாது. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கோ" என்றார் எழுதுவினைஞர். வெளியே வந்தபோது கடைசி பஸ் போய்விட்டிருந்தது.

பிற்பகல் 3.40. தரிப்பிடத்தில் நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். ஐம்பது வயதிருக்கும். பின் கரியரில் வலைக் கயிறு.

"அண்ணை, ஆறு மணிக்குப் பிறகு ரோட்டிலை ஆளைக் கண்டால் கேள்வி கேக்கமாட்டாங்கள், வெடிதான். ஏறுங்கோ."

அவர் பெயர் செபமாலை. கடற்றொழிலாளி. அதற்கு மேல் அவர் யார், எவர் என்று நானும் கேட்கவில்லை, நான் யாரென்று அவரும் கேட்கவில்லை.

செபமாலை இருந்த கரையில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் யாராவது இரவு தங்கினால், இருட்டுவதற்கு முன் கடற்படைக் காவலரணில் கொண்டுபோய்ப் பதியவேண்டும். கடலுக்குப் போகிறவர்களின் பாஸும் அங்கேதான் இருக்கும். விடிய வாங்கிக்கொண்டு போய், கரைக்கு வந்ததும் திரும்பக் கொடுக்கவேண்டும். பாஸ் கிடைக்காத நாளில் கடலும் இல்லை, உலையும் இல்லை.

மாலை 4.30. காவலரணின் மணல் மூட்டைக்கு மேல் ஒரு தடித்த சிஆர் கொப்பி, அதுதான் பதிவேடு. இளம் சிப்பாய் ஒருவன் பேனையை நீட்டினான். பெயர், அட்டை இலக்கம், எங்கிருந்து வந்தது, எங்கே தங்குவது. அவனுடைய துப்பாக்கியைப் பார்த்தபடியே எழுதினேன். நாலாவது கட்டத்தில் என் கை தன் பாட்டில் லொட்ஜ் என்று எழுதிவிட்டது, ஆங்கில எழுத்தில், வடிவாக.

சிப்பாய் வாசித்தான். செபமாலையை நிமிர்ந்து பார்த்தான். "இங்க லொட்ஜ் இருக்கா? நீ லொட்ஜ் நடத்துறதா? எத்தனை ஆள் தங்குறது?"

பிழையாக எழுதிவிட்டேன் என்று சொல்ல நாலு சொல் போதும், அந்த நாலு சொல்லும் வரவில்லை. ஊர் பேர் தெரியாத ஆட்களை ஒளித்துவைக்கிற வீடு என்று எண்ணிவிட்டால் செபமாலையின் கதி என்ன? சிப்பாய் அவருடைய பாஸைத் தனியாக எடுத்துவைத்தான். காலை எட்டு மணிக்கு அதிகாரி வருவார், அவரிடம் பேசச் சொன்னான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் செபமாலை ஒரே ஒரு தரம்தான் பேசினார். "என்ன அண்ணை, இப்பிடிச் செய்துபோட்டியள்?"

அவருடைய மனைவி றெஜினா அக்கா பாண் வெட்டிச் சம்பலோடு வைத்தார். எனக்கு இறங்கவில்லை. விடியற்புறம் மற்ற வள்ளங்கள் போகிற சத்தம் கேட்டது. செபமாலையின் வள்ளம் கரையில் கிடந்தது.

காலை 7.00. யாழ்ப்பாண பஸ் ஏழரைக்கு. றெஜினா அக்கா குசினி வாசலில் நின்றபடி சொன்னார். "நீங்கள் பஸ்ஸைப் பிடியுங்கோ. பத்திரம் பிறகு எடுக்கலாம். இவர் ஏதும் சொல்லிச் சமாளிப்பார்."

உண்மையைச் சொன்னால் என் கால் அந்தப் பக்கம் திரும்பியே விட்டது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு படலை வரை போனேன். செபமாலை சேட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் தடுக்கவில்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. பையை இறக்கி வைத்துவிட்டு, வாயில் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டபடி கரியரில் ஏறினேன்.

காலை 8.15. அதிகாரிக்குத் தமிழ் ஓரளவு தெரிந்திருந்தது. ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டார். பதினொரு வருடமாக அதையே எழுதி வருகிறேன் ஐயா, பழக்கத்தில் எழுதினனான், அங்கே லொட்ஜ் ஒன்றும் இல்லை என்றேன். அவர் என் அட்டையைப் பார்த்தார், சிவலிங்கம். மற்ற அட்டையைப் பார்த்தார், செபமாலை. ஒன்று சைவப் பெயர், மற்றது கிறிஸ்தவப் பெயர்.

"இந்த ஆள் உனக்கு யார்?"

பஸ் தரிப்பிடத்தில் கண்ட ஆள் என்று சொன்னால் இரண்டு பேரும் முடிந்தோம். செபமாலை கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார்.

"என்ரை பெரியம்மான்ரை மகன். அவை சைவம், நாங்கள் வேதம். என்ரை அண்ணைதான்."

அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொப்பியை என் பக்கம் திருப்பினார். நான் லொட்ஜை வெட்டிவிட்டு, 'தம்பி செபமாலை வீடு' என்று எழுதினேன். பாஸ் கிடைத்தது. அன்றைய கடல் மட்டும் போனது போனதுதான்.

பத்து மணிக்குப் பத்திரமும் கிடைத்தது. பஸ் ஏற்றிவிட வந்த செபமாலையிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்கோ. போய்ச் சேர்ந்ததும் ஒரு காயிதம் போடுங்கோ" என்றார்.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பியதும் மறுபடி பொலிஸ் படிவம். மறுபடி லொட்ஜ். வேறு என்ன எழுதுவது? பதினொரு வருடத்தில் என் பெயருக்கு நேரே வீடு என்று எழுதப்பட்டிருப்பது கடற்கரைக் காவலரணில் கிடக்கும் அந்த ஒரு கொப்பியில்தான். அதுவும் பொய். அந்தப் பொய்க்குப் பக்கத்தில் செபமாலையின் பெயர் இருக்கிறது. வேலணையில் ஏதாவது நடந்தது என்று வானொலி சொன்னால், கொப்பியில் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டிவிடக் கூடாதே என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கும்பிடுகிறேன். போடச் சொன்ன காயிதத்தை, வழியில் யாராவது பிரித்துப் பார்ப்பார்கள் என்ற பயத்தில், இன்னும் போடவில்லை.