நண்டுக் கணக்கு

பிலோமினா ரீச்சர் பனிச்சங்கேணிக்கு மாற்றலாகி வந்தது அறுபத்து நான்கில். தங்க வேறு இடம் கிடைக்காததால் ஊரார் பிடிக்கும் மீனையும் நண்டையும் வாங்கும் முதலாளி நோபேட்டின் வீட்டில் ஓர் அறை எடுத்தார். பின்னேரங்களில் வீடு வீடாகப் போய், பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று தாய்மாருக்குச் சொல்வார்.

"அப்பா கொண்டுவாற நண்டைப் பிள்ளையை எண்ண விடுங்க. விடிய வகுப்பில வந்து சொல்லட்டும்."

ஊருக்கு இது பிடிக்கவில்லை. எவ்வளவு பிடிபடுகிறது என்று தெரிந்துகொண்டு விலையைக் குறைக்க, முதலாளிதான் ரீச்சரை அனுப்புகிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

திரேசம்மாவின் மகள் செசீலியா எந்த நாளும் "பத்து" என்றே சொன்னாள். ஒருநாள் பின்னேரம் ரீச்சர் அவர்கள் வீட்டுக்கும் வந்தார்.

"இவளுக்குப் பத்துக்கு மேல எண்ணத் தெரியல்ல. மூன்றாம் வகுப்புக்கு ஏத்த ஏலாது."

மகள் தாயின் முகத்தைப் பார்த்தாள். திரேசம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"நல்லா எண்ணுவாள் ரீச்சர். நான்தான் பத்துக்கு மேல சொல்லாதேண்டு சொன்னன்."

"ஏன்கா?"

"நீங்க இரிக்கிறது ஆர்ர வீட்டில?"

ரீச்சரின் முகம் சிவந்தது. அவர் இதை யோசித்ததேயில்லை.

"அப்ப நண்டை விடுங்க. வேலிக் கிடுகை எண்ணட்டும்."

திரேசம்மா தென்னோலை வேலியை ஒருதரம் பார்த்தாள். "முதலாளி கிடுகு வாங்கிறேல்லைதானே?"

"இல்லகா!"

செசீலியா எண்ணத் தொடங்கினாள். ஐம்பதைத் தாண்டியதும், "மூன்றாம் வகுப்புத்தான்" என்று சிரித்தபடி ரீச்சர் எழுந்து போனார். அவர் அடுத்த பிள்ளை வீட்டுக்குப் போகிறாரா, நேரே முதலாளி வீட்டுப் பக்கம் திரும்புகிறாரா என்று திரேசம்மா வேலிப் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.