நகத்தளவு பூச்சிக்கு நான் போட்ட வேலி

நகரி பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடும் அளவுக்கு ஒரு புல்தரை. அதில் சுண்டுவிரல் நகத்தளவு பட்டாம்பூச்சிகள் இருந்தன. இறக்கையை மூடினால் சாம்பல், விரித்தால் நீலம். முழங்காலுக்கு மேல் பறக்காது. பள்ளிக்கூடம் பக்கமே போகாத எனக்கு அதன் பெயர் தெரியாது. அதற்கும் என் பெயர் தெரியாது. சரிக்குச் சரி.

சத்தியவேட்டிலிருந்து கல்யாணமாகி வந்த என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். தினமும் ஆட்டை அங்கே கட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள்.

"இந்தப் பூச்சி இல்லன்னா, இந்த ஊர்ல உன் மூஞ்சியத்தான்யா பாத்துக்கினு கெடக்கணும்."

தரையோடு படரும் செப்புநெருஞ்சியில்தான் அது முட்டையிடும். அரிசி அளவு பச்சைப் புழுவை எறும்புகள் மொய்ப்பதைப் பார்த்து, காப்பாற்றப் போய்க் குனிந்து ஊதினேன். உதட்டில் கடி வாங்கினேன்.

"அது புழுவத் துன்னலய்யா, நக்கிக்கினு கீது. காவலுக்கு நிக்குது. உன்ன மாதிரி ஆளு வருவான்னு அதுக்குத் தெரியும்."

ஆந்திராவா மதராஸா என்று ஊர் ஊராக எல்லை பிரித்துக்கொண்டிருந்த காலம். சர்வேக்காரர்கள் சங்கிலி இழுப்பதைப் பார்த்ததும் எனக்கும் கை அரித்தது. ஆடு பூச்சியை மிதிக்கிறதே என்று, அவளிடம் நல்ல பெயர் வாங்க, புல்தரையைச் சுற்றி முள்வேலி போட்டேன். ஆட்டைத் தெருப்பக்கம் கட்டினேன்.

ஐப்பசி மழையில் புல் தொடையளவு வளர்ந்தது. அடியில் செப்புநெருஞ்சி வெளுத்துப்போனது. ஒரு பூச்சி இல்லை. தையில் அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போகவேண்டும்.

"எங்கய்யா போச்சு?"

"உள்ளதான்மே கீதுங்க, வேலி போட்டுக்கீறேனே."

"வேலியா போட்ட? சமாதி கட்டிக்கீற. ஆடு துன்னாத்தான்யா புல்லு குட்டையா இருக்கும். அப்பத்தான் அந்தக் கொடிக்கு வெயிலு."

அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை.

வேலியைப் பிடுங்கினேன். முள் எனக்கு, புல் ஆட்டுக்கு. தினமும் குப்புறப் படுத்துச் செப்புநெருஞ்சி துளிர்க்கிறதா என்று தேடினேன். வழியில் போன தெலுங்குக்காரர், "ஏம் போகொட்டுகுன்னாவய்யா?" என்று, எதைத் தொலைத்தாய் எனக் கேட்டார். பொண்டாட்டியின் சிரித்த முகத்தை என்று சொல்ல என் தெலுங்கு போதவில்லை.

தையில் வண்டி வந்து நின்றது. மூட்டையோடு கிளம்பியவள் கடைசியாக ஒருமுறை பின்பக்கம் போனாள்.

"யோவ், இங்க வா!"

ஒன்றே ஒன்று. ஆட்டுப் புழுக்கை மேல் உட்கார்ந்து நீலத்தை விரித்துக்கொண்டிருந்தது. அவள் சிரித்துவிட்டாள்.

"உன் வேலிய விட அதுக்குப் புழுக்கதான்யா புடிச்சிக்கீது."

ஆட்டுக்கயிற்றை என் கையில் கொடுத்தாள்.

"நா வர்ற வரிக்கும் இத இங்கியே கட்டு. நீயா எதுவும் பண்ணாத."